மாமியாருக்கு ஒரு மெஷின்!

எங்கள் வீட்டில் குக்கரை அடுப்பில் ஏற்றுவது நான். விசில் எண்ணி அணைப்பது என் மாமியார். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இந்த ஏற்பாட்டில் ஒரு குழப்பமும் வந்ததில்லை. நான் குளித்துவிட்டு வருவதற்குள் பருப்பு மலர வெந்து, அடுப்பு அணைந்து, அத்தை முன் அறையில் பேப்பரை விரித்து உட்கார்ந்திருப்பார்.

2022-ம் வருஷம் ஆடி மாதத்தில் ஒரு காலை, நான் குளித்துக்கொண்டிருக்கும்போதே தீய்ந்த வாடை மூக்கைத் துளைத்தது. ஈரத் தலையோடு ஓடி வந்து பார்த்தால், குக்கருக்குள் பருப்பு கரியாகியிருக்கிறது. அத்தையோ பத்தடி தூரத்தில் நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார்!

"என்ன அத்தை, இத்தனை விசில் அடிச்சிருக்கே, அணைக்கக் கூடாதா?" என்றேன், கொஞ்சம் சூடாகவே.

"விசிலே வரலையேம்மா" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "வயசாச்சு, கவனம் போதவில்லை" என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். அன்றையிலிருந்து விசில் எண்ணும் வேலையையும் நானே எடுத்துக்கொண்டேன். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பொறுப்பைக் கையிலிருந்து பிடுங்கினால் மனசு எப்படி இருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு வேடிக்கைகள் ஆரம்பித்தன. ஒரு ராத்திரி, "அத்தை, தோசை போடட்டுமா?" என்று கேட்டேன். "ஆசை யாருக்குத்தாம்மா இல்லே?" என்று பதில் வந்தது! என் வீட்டுக்காரரும் பையனும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும்தான். அத்தை எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். "என்ன சிரிக்கிறீங்க?" என்றார்.

"ஒண்ணுமில்லே அத்தை."

இந்த "ஒண்ணுமில்லே" இருக்கிறதே, அது எங்கள் வீட்டில் மெல்ல மெல்லப் பழகிப்போன வார்த்தை ஆகிவிட்டது. ஒரு விஷயத்தை இரண்டு தடவை சொல்லலாம், மூன்றாம் தடவை சொல்ல யாருக்குப் பொறுமை? பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வளைகாப்பு வைத்த சேதியா, ஒண்ணுமில்லே. பையன் பள்ளிக்கூடத்தில் நடந்த கூத்தா, ஒண்ணுமில்லே. டி.வி. சத்தம் மட்டும் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போயிற்று. எதிர் வீட்டுக்காரர்கள் தங்கள் டி.வி.யை அணைத்துவிட்டு எங்கள் வீட்டுச் செய்தியைக் கேட்கலாம்!

இன்னொன்றும் நின்று போயிருந்தது. அத்தை பிறந்தது திருக்காட்டுப்பள்ளி. காவிரித் தண்ணீரோடு பாட்டும் ஊறிய ஊர்ப்பக்கம். அவருடைய அப்பா மளிகைக் கடைக்காரர். ஆனால் நாகஸ்வரம் என்றால் கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பிவிடுவாராம். அத்தை முறையாகப் பாட்டுக் கற்றுக்கொண்டவர் இல்லை. திருச்சி வானொலிதான் அவருக்குக் குரு. கீரை ஆயும்போதும் அரிசி களையும்போதும் ஏதாவது ஒரு ராகம் வாயில் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த முணுமுணுப்பு எப்போது நின்றது? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், எனக்குத் தெரியவில்லை. ஒரே வீட்டில்தான் இருந்தேன், கவனிக்கவில்லை.

நாங்கள் சும்மாவும் இருக்கவில்லை. ஒரு கடையில் "காது மிஷின்" என்று 1,800 ரூபாய்க்கு ஒன்று விற்றதை என் வீட்டுக்காரர் வாங்கி வந்தார். டாக்டரிடம் காட்டாமல், பரிசோதனை செய்யாமல், செருப்பு வாங்குவதுபோல் வாங்கியது. அதைக் காதில் வைத்த உடனே "குய்ங்ங்..." என்று ஒரு சத்தம். எல்லாச் சத்தத்தையும் ஒரே மாதிரி பெரிசாக்கி மண்டைக்குள் கொட்டியது. இரண்டே நாளில் அத்தை அதைக் கழற்றி பீரோவில் வைத்துவிட்டார். "கிழவின்னு காதுல போர்டு வேற மாட்டிக்கணுமா? எனக்குக் கேக்கற வரைக்கும் போதும்" என்று முடித்துவிட்டார். நாங்களும் விட்டுவிட்டோம்.

என் மனசை மாற்றியது ஒரு சதுரங்க ஆட்டம் என்றால் நம்புவீர்களா?

2024 கடைசியில் சிங்கப்பூரில் உலக செஸ் சாம்பியன் போட்டி நடந்ததே, ஞாபகமிருக்கிறதா? நம் சென்னைப் பையன் குகேஷ், சீனாவின் டிங் லிரெனோடு மோதினார். எங்கள் பையனுக்கு வயது 15. அவன் ஒரு பலகையை முன்னால் வைத்துக்கொண்டு, செல்போனில் பார்த்து ஒவ்வொரு காயாக நகர்த்துவான். பக்கத்தில் அவன் அப்பாயி உட்கார்ந்து பார்ப்பார். தாயக்கட்டமும் பல்லாங்குழியும் ஆடிய கை. குதிரை எப்படிப் போகும், மந்திரி எப்படிப் போகும் என்பதெல்லாம் நாலே நாளில் பிடிபட்டுவிட்டது.

டிசம்பர் 12-ம் தேதி சாயங்காலம், பதினாலாவது ஆட்டம். எதிராளி யானையைத் தப்பான கட்டத்தில் வைத்தார். பையன் "போச்சு! போச்சு!" என்று துள்ளிக் குதித்தான். கொஞ்ச நேரத்தில் 18 வயசில் குகேஷ் உலக சாம்பியன்! பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டே கலைந்த காய்களைத் திரும்ப ஒழுங்காக அடுக்கி வைத்ததைப் பார்த்து எனக்கும் கண் கலங்கிவிட்டது. என் வீட்டுக்காரர் ஆபீஸிலிருந்து போன் செய்து கத்துகிறார், எதிர் வீட்டில் கை தட்டுகிறார்கள், வீடே அமர்க்களம்.

"என்னடா ஆச்சு? யாரு ஜெயிச்சா?" என்று அத்தை கேட்டார். பையன் போனில் நண்பனோடு பேசிக்கொண்டிருந்தான். "இருங்க அப்பாயி, அப்புறம் சொல்றேன்" என்று சொல்லிக்கொண்டே வெளியே ஓடிவிட்டான்.

நான் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தேன். அத்தை பலகையைப் பார்த்துக்கொண்டே, யாரிடமும் இல்லாமல் சொன்னார்: "பரவாயில்லே. இந்த ஆட்டம்தான் எனக்கு லாயக்கு. யாரும் பேச வேணாம், நானும் கேக்க வேணாம்."

என் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றுவிட்டது.

ஒரு காலத்தில் சேப்பாக்கத்தில் பொங்கல் டெஸ்ட் நடந்தால், ட்ரான்சிஸ்டரைக் காதோடு வைத்துக்கொண்டு தமிழ் வர்ணனை கேட்டவர் இவர். மைதானத்தைக் கண்ணால் பார்க்காமலே, காதால் கிரிக்கெட் பார்த்தவர்! அப்படிப்பட்டவர் இன்று, பேச்சே இல்லாத ஆட்டம்தான் தனக்கு ஏற்றது என்கிறார். கவனம் போனது அவருக்கு இல்லை, எனக்குத்தான் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அடுத்த வாரமே காது, மூக்கு, தொண்டை டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனேன். வர மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். "தை மாசம் திருவையாறு ஆராதனைக்குக் கூட்டிட்டுப் போறேன், அதுக்கு முன்னாடி காதைக் காட்டிடலாம்" என்று ஆசை காட்டினேன். "கேக்காத காதோட அங்கே போயி என்ன பண்ண?" என்றார். "அதுக்குத்தானே கூப்பிடறேன்" என்றேன். புடவை மாற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

டாக்டர் முதலில் காதைப் பார்த்து, குறும்பி அடைத்திருந்ததை எடுத்துவிட்டார். ஊக்கு, ஹேர்பின் எதையும் காதுக்குள் விடக் கூடாது, எண்ணெயைக் காய்ச்சி ஊற்றக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். பிறகு சத்தம் புகாத ஒரு சின்ன அறையில் உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்கிறபோதெல்லாம் ஒரு பட்டனை அமுக்கச் சொன்னார்கள். வலி இல்லை, ஊசி இல்லை. அரை மணியில் முடிந்துவிட்டது.

ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினார்கள். இடது பக்கம் தடித்த சத்தங்கள், வலது பக்கம் மெல்லிய கீச்சுச் சத்தங்கள். அத்தையின் கோடு இடது பக்கத்தில் ஓரளவு நன்றாக இருந்து, வலது பக்கம் போகப் போக மாடிப்படி இறங்குவதுபோல் இறங்கியது. நல்ல காதுக்கு 20, 25 டெசிபெல் சத்தமே போதுமாம். அத்தைக்குச் சராசரி 50-க்கு மேல் வேண்டியிருந்தது.

"வயசானா பெரும்பாலும் கீச்சுச் சத்தம்தான் முதல்ல போகும். குக்கர் விசில், காலிங் பெல், குருவிச் சத்தம் எல்லாம் கேக்காது. ஆனா நீங்க பேசறது அவங்க காதில் விழும். அ, ஆ, ஓ மாதிரி உயிரெழுத்து கேக்கும். ச, த, க, ப மாதிரி எழுத்து தெளிவாக் கேக்காது. அதனாலதான் ஒண்ணு சொன்னா ஒண்ணு புரிஞ்சுக்கறாங்க" என்றார் டாக்டர்.

தோசை ஏன் ஆசையாயிற்று என்று அப்போதுதான் விளங்கியது! நரம்பு தளர்ந்ததால் வந்தது, ஆபரேஷனோ மாத்திரையோ இதற்கு இல்லை, மெஷின்தான் வழி என்றார். இன்னொன்றும் சொன்னார். காது கேட்காதவர்கள் பேச்சிலிருந்து ஒதுங்கி ஒதுங்கி, மூளைக்கும் வேலை குறைந்துபோகுமாம். மறதி நோய் வரக் காரணமாக இருக்கக்கூடிய 14 விஷயங்களைப் பட்டியல் போட்டு 2024-ல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு வெளியிட்டிருக்கிறது. அதில் காது கேளாமையும் ஒன்று என்றார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இரண்டரை வருஷத்தை "ஒண்ணுமில்லே" என்று கழித்துவிட்டோமே!

இரண்டு காதுக்கும் சேர்த்து 42,000 ரூபாய் ஆயிற்று. ஆடம்பரமான மாடல் எல்லாம் லட்சத்தைத் தாண்டுகிறது. என்னிடம் ஏலச்சீட்டுப் பணம் 30,000 இருந்தது. புது வாஷிங் மெஷினுக்காக நான் பொத்திப் பொத்திச் சேர்த்தது. மீதியை என் வீட்டுக்காரர் போட்டார். "மெஷின் வாங்கப் போறேன்னியே, வாங்கிட்டியா?" என்று என் தங்கை போனில் கேட்டாள். "வாங்கிட்டேன். ஆனா துணி துவைக்காது" என்றேன்!

(அரசு மருத்துவமனைகளிலும் காது பரிசோதனை செய்கிறார்கள். தகுதி உள்ளவர்களுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் மூலம் காது கருவி கிடைக்கிறது. வசதி இல்லையே என்று இருப்பவர்கள் அங்கே போய் விசாரியுங்கள்.)

இந்த மெஷின் பழையது மாதிரி இல்லை. அந்தக் கோட்டுப் படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, எந்தச் சத்தம் எவ்வளவு குறைகிறதோ அதை மட்டும் அவ்வளவு கூட்டி அமைத்துக் கொடுத்தார்கள். காதுக்குப் பின்னால் புளியங்கொட்டை மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. தலைமுடி மூடிவிடுவதால் யாருக்கும் தெரிவதில்லை. பாட்டுக் கேட்பதற்கென்று தனியாக ஒரு அமைப்பும் வைத்து, அதற்கு எந்தப் பட்டன் என்றும் காட்டினார்கள். "ஆனா ஒண்ணு. இது முக்கியமாப் பேச்சுக்காகச் செஞ்சது. பாட்டு பழைய மாதிரியே கேக்கும்னு எதிர்பார்க்காதீங்க" என்று எச்சரித்தும் அனுப்பினார்கள். அத்தை அதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்தார்.

வீட்டுக்கு வந்த முதல் நாள் படாத பாடு. ஃபேன் சத்தம் ரயில் போகிறமாதிரி இருக்கிறது என்றார். குழாயைத் திறந்தால் திடுக்கிட்டார். பேப்பரைப் புரட்டினால் சரசரப்பு, முறுக்கைக் கடித்தால் மண்டைக்குள் மாவு மில்! நான் தெரியாமல் மிக்ஸியைப் போட்டுவிட்டேன், இரண்டையும் பிடுங்கித் தலையணை மேல் போட்டுவிட்டார். எனக்குப் பயமாகிவிட்டது, இதுவும் பீரோவுக்குப் போய்விடுமோ?

நல்லவேளை, இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். இத்தனை வருஷம் மறந்துபோன சத்தங்களை மூளை திரும்பப் பழகிக்கொள்ள வாரக்கணக்கில் ஆகுமாம். முதலில் அமைதியான அறையில் ஒரு மணி நேரம், மறுநாள் கொஞ்சம் கூட, அப்புறம் டி.வி., அப்புறம் கடைத்தெரு என்று படிப்படியாகப் போகச் சொன்னார்கள். அத்தைக்கு வாத்தியார் எங்கள் பையன்தான். தினமும் செஸ் பலகையை வைத்துக்கொண்டு, வாயை மூடாமல் பேசிக்கொண்டே விளையாடினான்!

இப்படியே பொங்கலும் வந்து போயிற்று. 2025 ஜனவரி 18, சனிக்கிழமை, பகுள பஞ்சமி. விடியற்காலை நானும் அத்தையும் திருச்சியில் பஸ் ஏறினோம். கட்டுச்சோறு கட்டாமல் நமக்குப் பயணம் உண்டா? இட்லிக்கு நல்லெண்ணெயும் மிளகாய்ப் பொடியும் தடவி வாழையிலையில் பொட்டலம். இன்னொரு டப்பாவில் தயிர் சாதம். தயிர் சாதத்துக்கு ஒரு யுக்தி: சாதத்தைக் குழைய வடித்து, பாலை நிறைய விட்டுப் பிசைந்து, தயிர் ஒரே ஒரு கரண்டி சேர்த்தால், மத்தியானம் திறக்கும்போது புளிக்காமல் பதமாக இருக்கும்.

திருவையாற்றில் சரியான கூட்டம். காவிரிக் கரையில் தியாகராஜ சுவாமிகளின் சமாதி. பந்தலில் வித்வான்களும் விதுஷிகளும் எதிரெதிரே வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அங்கே இருக்கும் பெங்களூர் நாகரத்தினம்மாளின் சிலையை அத்தை எனக்குக் காட்டினார். தம் சொந்தச் சம்பாத்தியத்தைப் போட்டு அந்தச் சமாதிக் கோயிலைக் கட்டி 1926-ல் கும்பாபிஷேகம் செய்த அம்மாள். அந்தக் காலத்தில் ஆராதனையில் பெண்களைப் பாட விடமாட்டார்களாம். இவர் பெண்களைச் சேர்த்துத் தனிக் குழுவே அமைத்துப் பாட வைத்திருக்கிறார். "இந்தம்மா மட்டும் இல்லேன்னா, இத்தனை பொம்பளைங்க இங்கே உக்காந்து பாடறது ஏது? எங்கப்பா வண்டியில கூட்டிட்டு வந்தப்போ சொன்னார்" என்றார் அத்தை.

நாகஸ்வரம் முடிந்து பஞ்சரத்னம் ஆரம்பித்தது. முதலில் நாட்டை. நான் பாட்டைக் கேட்கவில்லை, அத்தை முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முகம் சுருங்கியது. காதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "ஒரே இரைச்சல். அண்டாவுக்குள்ளே தகரத்தைப் போட்டு உருட்டற மாதிரி இருக்கு" என்றார். பாட்டுப் பட்டனை அமுக்கியும் பிரயோஜனம் இல்லை. கௌளையும் அப்படியே போயிற்று. கண்ணில் நீர் தளும்ப, "போலாம்மா, பஸ்சு கிடைக்கிறப்பவே போயிடலாம்" என்றார்.

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். எங்கள் தலைக்கு நேர் மேலே ஒலிபெருக்கி! சத்தம் அளவுக்கு மிஞ்சி உள்ளே போனால் மெஷின் திணறிக் கரகரக்கும் என்று சொல்லியிருந்தார்களே, மறந்துவிட்டேனே! அத்தை கையைப் பிடித்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஆற்றங்கரைப் பக்கம் தள்ளி அழைத்துப் போனேன். ஒரு ஓரத்தில் துண்டை விரித்து உட்கார்ந்தோம்.

ஆரபி தொடங்கியது. கொஞ்ச நேரம் அத்தை அசையவில்லை. பிறகு வலது கை தொடைமேல் மெல்லத் தாளம் போட ஆரம்பித்தது. வராளி வந்தபோது கண்ணை மூடிக்கொண்டார். கடைசியாக ஸ்ரீராகம். நூற்றுக்கணக்கான பேர் பாடுகிறார்கள். அதற்கு நடுவே என் தோளுக்குப் பக்கத்தில், கொஞ்சம் நடுங்கிக்கொண்டு, கொஞ்சம் ஸ்ருதி விலகி ஒரு முணுமுணுப்பு. எங்கள் வீட்டில் நின்று போயிருந்த அதே முணுமுணுப்பு!

முடிந்த பிறகு, "நல்லாக் கேட்டுதா அத்தை?" என்றேன்.

"பழைய மாதிரி இல்லே. பிடில் எல்லாம் வேற மாதிரிதான் கேக்குது" என்று யோசித்துவிட்டு, "ஆனா பாட்டு அதே பாட்டுதாம்மா" என்றார்.

கரையிலேயே இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தோம். கடைத்தெருவில் ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த அசோகா அல்வா கால் கிலோ வாங்கினேன். "இதுக்கா காசு? ஒரு கப் பாசிப்பருப்பை வறுத்து வேக வெச்சு மசிச்சு, கால் கப் கோதுமை மாவை நெய்யில சிவக்க வறுத்து அதோட சேத்து, ரெண்டு கப் சர்க்கரை போட்டு, நெய்யை விட்டு விட்டுக் கிளறினா ஆச்சு. கை விடாமக் கிளறணும், அதான் சூட்சுமம்" என்று அத்தை எனக்குப் பாடம் நடத்தினார்.

திரும்பும் பஸ்ஸில் எங்களுக்கு முன் சீட்டில் இரண்டு காலேஜ் பெண்கள் ஏதோ குசுகுசுவென்று பேசிக்கொண்டு வந்தார்கள். அத்தை ஜன்னல் பக்கம் பார்த்தபடி தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன அத்தை சிரிக்கிறீங்க?" என்றேன்.

"ஒண்ணுமில்லே" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அத்தை என் பக்கம் திரும்பி என் கையைத் தட்டிக் கொடுத்தார். "எப்படி இருக்கு பாத்தியா? இனிமே நீயும் சொல்லாதே, நானும் சொல்லலே" என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண்கள் கண்டக்டரைப் பற்றிப் பேசியதை என் காதோடு சொன்னார். இரண்டு பேரும் தஞ்சாவூர் வரை சிரித்துக்கொண்டே வந்தோம்.

சகோதரிகளே, மெஷினை வாங்குவது பாதி வேலைதான், பராமரிப்பு மீதி. குளிக்கும்போதும் தலைக்கு எண்ணெய் வைக்கும்போதும் கழற்றிவிட வேண்டும். ராத்திரி பாட்டரி மூடியைத் திறந்து, ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலம் போட்ட டப்பாவில் வைக்க வேண்டும். பட்டாணி அளவுகூட இல்லாத அந்தப் பாட்டரியின் மேல் இருக்கும் ஸ்டிக்கரை உரித்து, ஒரு நிமிஷம் காற்றுப்பட வைத்த பிறகே போட வேண்டும். குழந்தைகள் கையில் அது அகப்படவே கூடாது. விழுங்கிவிட்டால் பெரிய ஆபத்து. எல்லாவற்றையும்விட முக்கியம், காது மந்தமானவர்களிடம் கத்தக் கூடாது. தோளைத் தொட்டு, முகத்துக்கு நேரே வெளிச்சத்தில் நின்று, நிதானமாகச் சொன்னால் போதும். இதற்குப் பைசா செலவில்லை. இதைக்கூட நான் செய்யவில்லையே என்பதுதான் இன்னும் எனக்கு ஆறவில்லை.

என் பழைய வாஷிங் மெஷின் இன்னும் கடகடவென்று ஆடிக்கொண்டேதான் துவைக்கிறது. ஆடட்டும். காலையில் நான் குளித்துக்கொண்டிருக்கும்போது, முன் அறையிலிருந்து குரல் வருகிறது: "ஏம்மா, மூணு விசில் ஆச்சு, அணைச்சுட்டேன்!"